பெயர்ப் பட்டியல் யார் கையில்?

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான கல்விக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும். அவ்வளவு வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேரடியாக விஷயத்துக்கு வருகிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் மாத்தளையிலும் மலைகள் சரிந்ததை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. பாடசாலை முகாமாக இருந்த நாட்களில் ஒரு பிள்ளை எங்களிடம் கேட்டது: "பணக்கார நாட்டில புயல் அடிச்சா இப்படி நடக்காதுதானே?" அன்றைக்கு நாங்கள் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. பிறகு தேடிப் படித்தோம். படித்ததை இன்றைக்கு உங்கள் முன் வைக்கிறோம். இது அமெரிக்காவின் கதை. கேட்டு முடித்த பிறகு அது எவ்வளவு தூரத்துக் கதை என்று நீங்களே சொல்லுங்கள்.

2005 ஆகஸ்ட் 29. அமெரிக்காவின் தெற்குக் கரையை கத்ரினா என்ற சூறாவளி தாக்கியது. அந்தக் கரையில் நியூ ஓர்லியன்ஸ் என்றொரு நகரம். ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் வாழ்ந்த ஊர். பாதி ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு பக்கம் மிசிசிப்பி ஆறு, இன்னொரு பக்கம் பெரிய ஏரி. நடுவில் ஊரைக் காப்பது வெள்ளத் தடுப்புச் சுவர்களும் அணைக்கரைகளும்தான். அவற்றைக் கட்டியது அரசின் இராணுவப் பொறியியல் பிரிவு. அவை உடைந்தன. நகரின் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்று அந்தப் பிரிவே 2006இல் ஒப்புக்கொண்டது. காற்றை யாரும் குறை சொல்ல முடியாது. சுவருக்கு ஆள் பொறுப்பு.

"எல்லோரும் வெளியேறுங்கள்" என்று முதல் நாளே உத்தரவு போட்டார்கள். கார் இருந்தவர்கள் போனார்கள். கார் இல்லாதவர்கள், மாதக் கடைசியில் கையில் காசு இல்லாதவர்கள், படுத்த படுக்கையான தாயை விட்டுப் போக முடியாதவர்கள் நின்றுவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஏழைகள், கறுப்பின மக்கள். அந்தச் சூறாவளியில் 1,300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் முதியவர்களே அதிகம். எச்சரிக்கை எல்லோருக்கும் கிடைத்தது, வாகனம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

இனி, சாதாரண மக்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

அந்த ஊரில் ஒன்பதாம் வட்டாரம் என்ற பகுதி 1965லும் ஒரு சூறாவளியில் மூழ்கியது. அப்போது தண்ணீர் ஏற ஏற மக்கள் கூரைக்குக் கீழே ஏறிச் சிக்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே பல வீடுகளில் பரணில் ஒரு கோடரி வைக்கும் பழக்கம் வந்தது. 2005இல் அந்தக் கோடரியால் கூரையை வெட்டி வெளியே வந்தவர்கள் உண்டு. எந்த அலுவலகமும் கொடுத்த ஆலோசனை அல்ல அது. பாட்டி பேரனுக்குச் சொல்லி வைத்த பாடம்.

அரசாங்க உதவி நாட்கணக்கில் வரவில்லை. அயலவர்கள் வந்தார்கள். மீன்பிடி வள்ளம் வைத்திருந்தவர்கள், பக்கத்து ஊர்களிலிருந்து தங்கள் படகை வாகனத்தில் கட்டி இழுத்து வந்தவர்கள், கூரை கூரையாகப் போய் ஆட்களை ஏற்றினார்கள். படகு இல்லாதவர்கள் காற்றடித்த மெத்தையில் கிழவர்களைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். தண்ணீர் ஏறாத ஒரு பகுதியில் மாலிக் ரஹீம் என்ற சமூகச் செயற்பாட்டாளரும் அவருடைய நண்பர்களும் செப்டெம்பர் முதல் வாரத்திலேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஒரு பள்ளிவாசலில் இலவச மருத்துவ நிலையம் திறந்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வந்து, பூஞ்சணம் பிடித்த சுவர்ப் பலகையை உரித்தெடுத்து, ஊறிப்போன மெத்தைகளைத் தெருவுக்குக் கொண்டுவந்து, வீடு வீடாகச் சுத்தம் செய்து கொடுத்தார்கள்.

நம் தோட்டங்களில் மண் சரிந்த இரவில் மண்வெட்டியோடு முதலில் ஓடியது யார்? பக்கத்து லயத்து ஆட்கள்தான். அதே மாதிரிதான் அங்கேயும்.

ஆனால் தொலைக்காட்சியில் வேறு கதை ஓடியது. கொள்ளை, கொலை, கும்பல் என்று. நகரத் தலைவர்களே கமரா முன்னால் அதைச் சொன்னார்கள். சூறாவளி வந்து மூன்றாம் நாள், ஆட்களைத் தேடிக் காப்பாற்றிக்கொண்டிருந்த 1,500 பொலிசாரை அந்த வேலையை விட்டுவிட்டுக் கொள்ளையைத் தடுக்கப் போகும்படி மேயர் உத்தரவிட்டார். பாலம் கடந்து பக்கத்து ஊருக்கு நடந்து போன மக்களை அந்த ஊர்ப் பொலிசார் வானத்தை நோக்கிச் சுட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு பாலத்தில் நிராயுதபாணிகளைப் பொலிசார் சுட்டதில் இருவர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்திருந்த விளையாட்டரங்கில் பிணங்கள் குவிந்து கிடக்கின்றன என்றார்கள். பிறகு எண்ணிப் பார்த்தபோது ஆறு பேர். ஒருவர்கூடக் கொலை செய்யப்படவில்லை. கடைகளில் திருட்டு நடக்கவே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நடந்தது. ஆனால் பிள்ளைக்குப் பால்மா எடுத்தவனையும் தொலைக்காட்சிப் பெட்டி தூக்கியவனையும் ஒரே பெயரால் அழைத்தார்கள். வதந்தியால் உதவி பிந்தியது, உயிரும் போனது.

தண்ணீர் வடிந்தது. இங்கேதான் தோழர்களே, நீங்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

சூறாவளி வந்து பத்து நாள்தான். செப்டெம்பர் 8ஆம் திகதி. அரசாங்கப் பணத்தில் நடக்கும் கட்டுமான வேலைகளுக்கு அந்தப் பகுதியில் வழக்கிலுள்ள சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்றொரு சட்டம் அங்கே இருக்கிறது. பாதிக்கப்பட்ட பகுதிகளில் அந்தச் சட்டத்தை ஜனாதிபதி புஷ் இடைநிறுத்தினார். வீடிழந்தவன் தன் ஊரைத் தானே கட்டப் போனால் குறைந்த கூலிக்குப் போக வேண்டும். தொழிற்சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. நாடாளுமன்றத்துக்குள்ளும் வெளியிலும் போராடின. நவம்பரில் சட்டம் திரும்ப வந்தது.

அடுத்தது எங்கள் தொழில், ஆசிரியர் கதை. நகரின் பெரும்பாலான பாடசாலைகளை மாநில அரசு எடுத்துக்கொண்டது. 7,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களும் பாடசாலை ஊழியர்களும் வேலை நீக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும் பகுதி பல வருட அனுபவமுள்ள கறுப்பினப் பெண்கள். வேலை நீக்கக் கடிதங்கள் எங்கே போயின தெரியுமா? வெள்ளத்தில் போன வீட்டு முகவரிகளுக்கு. அந்த வீடுகளில் ஆளே இல்லை. ஆசிரியர்களோ பல மாநிலங்களில் சிதறிக் கிடந்தார்கள். பலம் வாய்ந்த சங்கம்தான் அது. ஆனால் உறுப்பினர்கள் எங்கே என்று தேடிச் சேர்ப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம் 2006 ஜூனில் காலாவதியானது, புதுப்பிக்கப்படவில்லை. வழக்குப் போட்டார்கள். 2014இல் மாநில உயர் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அதே ஊரின் கிழக்கு ஓரத்தில் வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய மக்கள் இருந்தார்கள். மீன்பிடிப்பவர்கள், கடை வைத்தவர்கள், வீட்டுக்குப் பின்னால் கீரை போடுகிறவர்கள். அவர்களும் சிதறினார்கள். ஆனால் அவர்களுடைய தேவாலயத்துப் பாதிரியார் முகாம் முகாமாகப் போய்த் தன் மக்களைத் தேடினார். ஒக்டோபரிலேயே பலர் திரும்பிவிட்டார்கள். கரண்ட் கேட்டார்கள். திரும்பி வந்தவர்களின் பெயர்களை எழுதி, அந்தப் பட்டியலை மின்சாரக் கம்பனியிடம் கொண்டுபோய் வைத்தார்கள். கரண்ட் வந்தது. அடுத்த வருடம் நகரத்தின் இடிபாட்டுக் குப்பையைக் கொட்ட அவர்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் மேடு திறந்தார்கள். கிழவிகள் முதல் பிள்ளைகள் வரை தெருவில் இறங்கினார்கள். 2006 ஆகஸ்டில் அந்தக் குப்பை மேடு மூடப்பட்டது.

இரண்டும் ஒரே ஊர், ஒரே புயல். ஒரு கூட்டத்தை, சிதறிக் கிடந்த நேரம் பார்த்து அடித்தார்கள். இன்னொரு கூட்டம் பெயர்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது.

மூன்றாவது கதையைக் கேட்டால் உங்களுக்கு நம் முப்பாட்டன்மார் ஞாபகம் வரும். சூறாவளிக்குப் பிறகு வளைகுடாக் கரைக் கப்பல் தளங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 500 ஒட்டு வேலைக்காரர்களையும் குழாய் வேலைக்காரர்களையும் கொண்டுபோனார்கள். நிரந்தர வதிவிட உரிமை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒவ்வொருவரிடமும் 10,000 டொலர் முதல் 20,000 டொலர் வரை கறந்தார்கள். காணியை விற்றவர்களும் வட்டிக்கு வாங்கியவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே வேலி போட்ட முகாம். ஓர் அறையில் 24 பேர் வரை. அதற்கும் மாதம் ஆயிரம் டொலருக்கு மேல் சம்பளத்தில் வெட்டு. கடனோடு ஆளைக் கட்டி வைக்கும் இந்த வேலை நமக்குப் புதிதா? இதே மலைகளில் துண்டு முறை என்று இருந்தது, 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது.

அந்தத் தொழிலாளர்கள் இரகசியமாகக் கூடிப் பேசினார்கள். 2008இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு முகாமை விட்டு வெளியேறினார்கள். தலைநகர் வரை பயணம் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015இல் நீதிமன்றத்தில் ஜூரி முதல் ஐந்து பேருக்கு 1 கோடி 40 இலட்சம் டொலர் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. பிறகு மற்றவர்களுக்கும் சேர்த்து ஓர் உடன்பாடு வந்தது. கம்பனி மன்னிப்புக் கேட்டது.

கடைசியாக ஒன்று. வீடு திருத்த அரசாங்கம் பணம் கொடுத்தது. திருத்த என்ன செலவாகும் என்று பார்த்துக் கொடுக்கவில்லை, பல இடங்களில் புயலுக்கு முன் வீட்டின் சந்தை விலை என்ன என்று பார்த்துக் கொடுத்தது. ஏழைகளின் தெருவில் வீட்டு விலை குறைவு, ஆகவே பணமும் குறைவு. பாட்டன் வீட்டில் பரம்பரையாக இருந்து, தன் பெயரில் உறுதி இல்லாதவர்கள் அதையும் பெற அலைந்தார்கள். உறுதி இல்லாத வாழ்க்கை என்றால் என்ன என்று இருநூறு வருடமாக லயத்தில் இருக்கும் நமக்கு விளக்கத் தேவையில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் அந்த மலை ஆபத்தானது என்று அதிகாரிகள் முதலில் சொன்னது 2005இல், கத்ரினா அடித்த அதே வருடம். 2011இல் மறுபடி சொன்னார்கள். 2014 ஒக்டோபர் 29இல் மலை வந்து லயங்களை மூடியது. போகச் சொன்னார்கள். போக ஓர் இடம் இருக்கவில்லை.

தோழர்களே, இப்போது எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

முகாமில் நிவாரணப் பட்டியலை எழுதியது நாங்கள்தான். எழுதத் தெரிந்தவர்கள் என்று பேனாவை எங்கள் கையில் கொடுத்தார்கள். அவசரத்தில் காம்பரா இலக்கத்தையும் குடும்பத் தலைவர் பெயரையும் மட்டும் எழுதினோம். ஒரு காம்பராவில் மூன்று குடும்பம் இருந்ததை நாங்கள் அறிவோம். இருந்தும் ஒன்று என்று எழுதினோம். பொதி ஒன்று வந்தது. மூன்று அடுப்பு எரிய வேண்டிய இடத்தில் ஒரு பொதி. அதைவிடப் பெரியது, வீட்டுக்கான கணக்கெடுப்பு வந்தபோது அதே பட்டியலைத்தான் கேட்டார்கள். திருத்த நாங்கள் எத்தனை தடவை ஏறி இறங்கினோம் என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். கணவனை இழந்த ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்: "நான் உயிரோடதான் இருக்கேன், பேப்பர்ல ஏன் இல்ல?" அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கூட்டம்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த மழைக்கு முன் இவற்றைச் செய்ய வேண்டும் என்று கேட்கிறோம்.

முதலாவது, லயம் லயமாகப் பெயர்ப் பட்டியல். காம்பராக் கணக்கு வேண்டாம், அடுப்புக் கணக்கு. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக, பெண்களின் பெயரோடு, தொலைபேசி இலக்கத்தோடு. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையின் இலக்கமும் சேர வேண்டும். சிதறினால் தேட அதுதான் வழி.

இரண்டாவது, தனியே இருக்கும் முதியவர், நடக்க முடியாதவர், கர்ப்பிணித் தாய், கைக்குழந்தை. இவர்களை யார் தூக்கிக்கொண்டு இறங்குவது என்று இப்போதே இரண்டு இளைஞர்களின் பெயரை எழுதி வையுங்கள்.

மூன்றாவது, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசிகள், சம்பளச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். கதவுக்குப் பக்கத்தில்.

நான்காவது, இது எந்தச் சங்கத்தின் பட்டியலும் அல்ல, தோட்டத்தின் பட்டியல். சந்தா யாருக்குக் கட்டுகிறார் என்று பார்த்துப் பெயர் எழுதினால் நாம் அழிந்தோம். மண் சரியும்போது சங்கம் பார்த்துச் சரியவில்லை. ஒரு பிரதி கமிட்டியிடம், ஒன்று கிராம உத்தியோகத்தரிடம், ஒன்று தோட்ட அலுவலகத்தில். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

ஐந்தாவது, மலை ஆபத்து என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்தால் வாதாட வேண்டாம், இறங்குங்கள். உயிர் முதலில். ஆனால் எங்கே போவது, எத்தனை பேர்ச் காணி, உறுதி யார் பெயரில், தண்ணீர் எங்கே, பாடசாலைக்கு எவ்வளவு தூரம், வேலை நாள் என்னாகும் என்று பேசும் மேசையில் கமிட்டி இருக்க வேண்டும். சொன்னதை எழுத்தில் வாங்க வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது எங்களிடம் பதில் இருக்கிறது. பணக்கார நாட்டிலும் ஏழை முதலில் நனைகிறான், கடைசியில்தான் காய்கிறான். அங்கேயும் அயலவர்தான் முதலில் ஓடி வந்தார்கள். அதற்குப் பிறகு, ஒன்றாக இருந்தவர்கள் கரண்டையும் வாங்கினார்கள், கூலியையும் வாங்கினார்கள்.

வெளியே போகும்போது வாசலில் கொப்பிகள் வைத்திருக்கிறோம். ஒரு லயத்துக்கு ஒன்று. எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த கூட்டத்துக்கு எழுதிய கொப்பியோடு வாருங்கள்.