மருந்துக்குப் பின்னும் காவல் வேண்டும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவது மரபு. நாமும் கல்வியைப் பற்றியே பேச வந்துள்ளோம். ஆயின் ஒரு நோயின் வழியாகப் பேச விழைகிறோம். எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்துண்டு வாழ்வோரின் குடலில் உள்ள நுண்ணுயிர்களுக்கும், அவர்களுள் சிலரின் உடல் தன்னையே தாக்கிக்கொள்வதற்கும் உள்ள தொடர்பே நாம் எடுத்துக்கொண்ட பொருள். இது மருத்துவர் பேச வேண்டியதன்றோ, பள்ளி ஆசிரியர்க்கு இதில் என்ன வேலை எனச் சிலர் எண்ணக்கூடும். மருந்து மருத்துவமனையில் கிடைக்கிறது. மருந்துண்பவர் வாழ்வதோ நம் தெருவில். அவர் பிள்ளை பயில்வது நம் பள்ளியில். ஆகவே அறியும் கடமை நமக்கும் உண்டு.

இன்னொரு காரணமும் உண்டு. அன்றைய இராமநாதபுரம் மாவட்டமாகிய இம்மண்ணில் 1930, 1931ஆம் ஆண்டுகளில் ஆதிக்கச் சாதியினர் நம் முன்னோர்மீது தடைகள் பல விதித்தனர். சட்டை அணியலாகாது, பொன் நகை பூணலாகாது என்பவற்றோடு, ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது, மாடு மேய்த்தலே அவர்தம் வேலை என்பதும் அத்தடைகளுள் இருந்தது. 1931 மக்கள் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிந்துள்ளார். எழுத்தே கூடாதென்று விதிக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்று உயிரியலின் நுட்பமான பகுதியைக் கேட்டறிய அமர்ந்திருக்கின்றீர்கள். வெள்ளி விழாவுக்கு இதனினும் பொருத்தமான செயல் வேறில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில், மாணவி நிர்மலா அவர்கள் குருதி மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையில், பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்கள் சிலரின் குருதியில் தொற்று இருப்பது தெரியவந்தது. அந்நாளில் இதற்குத் தக்க மருந்தில்லை. 1996 அளவில் மேலை நாடுகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு அதனை இலவசமாக வழங்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. இன்று அரசின் ஏ.ஆர்.டி. மையங்களில் பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. அதனை ஒழுங்காக உண்பவர் நெடுநாள் வாழ்கிறார், உழைக்கிறார், பிள்ளைகளை வளர்க்கிறார்.

எனில் நோய் தீர்ந்ததா? அங்கேதான் நம் பொருள் தொடங்குகிறது.

எச்.ஐ.வி. தாக்குவது சி.டி.4 எனப்படும் வெள்ளை அணுக்களை. நலமுள்ளவரின் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இவை இருக்கும். ஆயின் உடலின் காவல் அணுக்கள் மிகுதியாக முகாமிட்டிருப்பது குருதியில் அன்று, குடலின் சுவரில். காரணம் எளிது. நம் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016இல் அறிஞர்கள் கணக்கிட்டனர். அவற்றுள் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் உள்ளன. அவை பகைவர் அல்ல. நாம் செரிக்க இயலாத நாரினைச் செரித்து, குடலுக்கு ஊட்டமளிப்பவை. அவை குடலுக்குள் இருக்கும்வரை நன்மை. சுவரைத் தாண்டிக் குருதியில் கலந்தால் தீமை.

நம் பக்கத்துக் கண்மாயை எண்ணிப் பாருங்கள். நீர் கரைக்குள் நிற்கும்வரை ஊருக்கு வாழ்வு. கரையில் நண்டு வளையிட்டு நீர் கசியத் தொடங்கினால், கரைக்காவலர் உடனே மண்ணிட்டு அடைக்க வேண்டும். எச்.ஐ.வி. உடலில் நுழைந்த முதற் சில வாரங்களிலேயே குடற்சுவரின் சி.டி.4 அணுக்களைப் பெருமளவில் அழித்துவிடுகிறது. காவலர் மாண்டால் கசிவை அடைப்பார் யார்? 2006இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் பிரெஞ்ச்லி, டூயெக் முதலிய அறிஞர்கள், பாக்டீரியாக்களின் சிதைவுப் பொருள்கள் குடலிலிருந்து குருதிக்குக் கசிவதையும், அதனால் உடலின் எதிர்ப்பாற்றல் ஓய்வின்றிக் கிளர்ந்து நிற்பதையும் எடுத்துக்காட்டினர்.

மருந்து வைரசை அடக்குகிறது. ஆயின் பழுதுபட்ட கரை முழுதும் சீராவதில்லை. குடல் நுண்ணுயிர்க் கூட்டத்தின் பழைய கலவையும் முற்றிலும் மீள்வதில்லை. வைரசு அளவிடமுடியாத அளவுக்குக் குறைந்த பின்னும், சி.டி.4 எண்ணிக்கை போதிய அளவு உயராதவர்கள் இருக்கின்றனர். ஆய்வுக்கு ஆய்வு இவர்தம் பங்கு 10 முதல் 40 விழுக்காடு வரை வேறுபடுகிறது.

ஏன் உயரவில்லை? தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு விடையை முன்வைத்தனர். இத்தகையோர் சிலரின் குருதியில் சி.டி.4 அணுக்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. எதிர்ப்பொருள் என்பது கிருமியை அடையாளங்காட்ட உடல் உண்டாக்கும் புரதம். அது கிருமியை விட்டுத் தன் அணுவையே பகையென அடையாளங்காட்டினால், உடலின் வேறு காவல் அணுக்கள் வந்து அந்த அணுவைக் கொல்லும். இதற்குத் தன்னெதிர்ப்பு என்று பெயர். 2019இல் அவர்களே மேலும் ஒரு படி சென்றனர். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் சுவர்ப்பொருள் குருதியில் கசிவது இத்தகைய எதிர்ப்பொருள்களைத் தூண்டக்கூடும் எனக் கண்டனர். அச்சுவர்ப்பொருளை எலிகளுக்குச் செலுத்தியபோது தன்னெதிர்ப்பொருள்கள் தோன்றின. வேறொரு பாக்டீரியாவின் சுவர்ப்பொருள் அவ்வாறு செய்யவில்லை. இவை ஆய்வு நிலையில் உள்ள முடிவுகள். எல்லா நோயாளர்க்கும் இதுவே காரணம் என எவரும் சொல்லவில்லை. இதற்கெனத் தனி மருந்தும் இன்னும் வரவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, உடல் தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தலாகாது. 5,472 பேர் பங்குகொண்ட பன்னாட்டு ஆய்வொன்றின் முடிவு 2006இல் வெளிவந்தது. மருந்தை இடையிடையே நிறுத்தியவர்களிடையே கடும் நோயும் சாவும், தொடர்ந்து உண்டவர்களைவிட இரு மடங்குக்கும் மேலாயிருந்தன. காவலரைக் கொன்ற பகைவனுக்கு மீண்டும் வாயிலைத் திறந்துவிடுவது போன்றது அது. வெளியூர் வேலைக்குச் செல்வோர் மையத்தில் முன்னரே சொன்னால், செல்லும் ஊரின் மையத்திற்கு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, மாத்திரை உண்பவர்க்கும் தொடர்ந்த சோதனை வேண்டும். வைரசு அடங்கியும் சோர்வோ, அடிக்கடி நோயோ வந்தால், தாம் ஏதோ தவறு செய்ததாக அவர் தம்மை நொந்துகொள்ள வேண்டா. காரணம் உடலின் உள்ளே இருக்கக்கூடும். அதனை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூய குடிநீர், கழிப்பறை, கீரையும் பயறும் மோரும் கூழும் கலந்த உணவு ஆகியவை குடலுக்கு நல்லவை. ஆயின் எந்த உணவும் மாத்திரைக்கு மாற்றாகாது. அடியோடு குணமாக்குவதாகச் சொல்லிப் பொடி விற்பாரிடம் பணத்தையும் உயிரையும் இழக்காதீர்கள்.

மூன்றாவதே நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது. மருந்துண்பவரின் மாத்திரையைத் தடுப்பது மறதி மட்டுமன்று, அச்சமுமாகும். மையத்தின் வரிசையில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ, டப்பாவை உறவினர் பார்த்துவிடுவாரோ, தனித் தட்டு வைத்துவிடுவாரோ என்னும் அச்சம். தனிக் குவளையின் கொடுமையை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்தது. அதனால் துன்புற்ற நாமே, நம் தெருவில் நோயின் பேரால் அதனை மீண்டும் நடத்துவோமாயின், அதுவும் தன்னெதிர்ப்பே; தன் அணுவைப் பகையென்று தவறாக அடையாளங்காட்டும் அதே பிழைதான்.

அச்சத்துக்கு அறிவியலில் இடமில்லை. உடன் உண்பதாலும், தொடுவதாலும், ஒரே குவளையில் பருகுவதாலும் எச்.ஐ.வி. தொற்றாது. சென்னையும் புனேயும் பங்குகொண்ட பன்னாட்டு ஆய்வில் 1,763 இணையர் சேர்ந்தனர். தொற்றுள்ளவர்க்கு உடனே மருந்தளித்தால் துணைவர்க்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைவதாக 2011இல் அது காட்டியது. வைரசு அளவிடமுடியாத நிலையிலேயே தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியும் தொற்றுவதில்லை எனப் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. சட்டமும் நம் பக்கம் உள்ளது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், பள்ளியிலும் பணியிடத்திலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது.

இளைஞர்களே! ஐயமிருப்பின் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தை நாடுங்கள். 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. சோதனையின் முடிவு வெளியே சொல்லப்படாது. ஒருவர் உங்களிடம் மட்டும் தம் நிலையைச் சொன்னால், அதனைக் காப்பதும் உங்கள் கடமை.

இன்னும் விடை காணாத கேள்விகள் இத்துறையில் பல உள்ளன. குடலின் கரையை மீண்டும் உயர்த்துவது எவ்வாறு, வழிதவறிய எதிர்ப்பொருளைத் திருத்துவது எவ்வாறு என்பன அவற்றுள் சில. 1986இல் குருதிக் குப்பிகளைச் சுமந்தவர் ஒரு மாணவிதான். அடுத்த விடையைக் காண்பவர் இக்கழகத்தின் உதவியால் பயிலும் பெண்ணோ பையனோ ஆகக் கூடாது என்பதற்கு இனி எந்தத் தடையும் இல்லை. மாடு மேய்த்தலே வேலையென எழுதியவர்க்கு நாம் தரும் மறுமொழி அதுவாகட்டும்.