கணினி வரையும் படமும் நம் கையிலுள்ள சாட்சியும்

(தோட்ட இளைஞர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



மே தின அழைப்பை முகநூலில் போட, செயற்கை நுண்ணறிவிடம் படம் கேட்கிறோம். "கொழுந்து பறிக்கும் பெண்" என்று மட்டும் எழுதினால் என்ன வரும்? வெயிலில் சிரிக்கும் இளம்பெண், கசங்காத சேலை. தேயிலை விளம்பரங்களில் நாம் பார்த்துப் பழகிய அதே படம். நம் வாழ்க்கையை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

ஆள், வேலை, உடை, இடம், வானிலை எல்லாவற்றையும் விபரமாக எழுதுங்கள். உதாரணமாக: "இலங்கை மலைநாடு, தூறல் விழும் காலை, செங்குத்தான தேயிலை மலை. ஐம்பது வயதுத் தொழிலாளி அம்மா. கயிறு தலையில், கூடை முதுகில். களைத்த முகம், நிமிர்ந்த பார்வை. புகைப்படம் போல. எழுத்து வேண்டாம்."

படங்கு என்றால் அதற்கு விளங்காமல் போகலாம். "இடுப்பைச் சுற்றிக் கட்டிய தடித்த விரிப்பு" என்று எழுதுங்கள். தமிழ் எழுத்தை அது சிதைத்துவிடலாம். கோரிக்கை வாசகத்தைப் பிறகு நாமே சேர்ப்போம். கீழே "கணினியில் உருவாக்கிய படம்" என்றும் போடுவோம்.

ஆனால் ஒழுகும் லயன் கூரைக்கும், உடைந்த மலசலகூடத்துக்கும், கொழுந்துத் தராசுக்கும் ஒருபோதும் கணினிப் படம் போடாதீர்கள். ஒரு பொய்ப் படம் பிடிபட்டால் போதும், நம் உண்மைப் படங்களையும் நிர்வாகம் பொய்யென்று தள்ளிவிடும். அங்கே போனில் எடுங்கள். திகதியும் லயன் இலக்கமும் குறித்து வையுங்கள்.

அழைப்புக்கு வரைந்த படம் போதும். முறைப்பாட்டுக்கு எடுத்த படம்தான் வேண்டும்.