பழைய கணினிக்குப் புதிய ஓட்டம்

 

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் வீடுகளிலும், நம் சங்க அறையிலும் உள்ள பழைய கணினிகளை என் செய்வது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11ஓ பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. அதற்காக, ஓடுகின்ற கணினியை எடைக்குப் போட வேண்டுமா? வேண்டியதில்லை. லினக்ஸ் இருக்கிறது.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கி வெளியிட்ட கருநிரலே லினக்ஸ். நம் ரயில்வே வழக்கில் சொன்னால் அஃது எஞ்சின். எஞ்சின் மட்டும் இருந்தால் பயணி எங்கே அமர்வார்? வேண்டிய பெட்டிகளையும் கோத்து முழு வண்டியாகத் தருவதற்கே 'வழங்கல்' என்று பெயர். 1993இல் டெபியனும், 2004இல் உபுண்டுவும், 2006இல் லினக்ஸ் மின்ட்டும் தோன்றின. சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாக்கி, இந்திய மொழிகளுக்கு இடந்தந்து, 'பாஸ்' என்பதை உருவாக்கினர். இவற்றுக்கெல்லாம் விலையில்லை.

எதைத் தேர்வது? புதியவர், பலர் நடந்த பாதையில் நடப்பதே நன்று. இடறினால் கைகொடுப்பார் கிடைப்பர். நினைவகம் 4 ஜிபியோ மிகுதியோ ஆயின் லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பதிப்பு போதும். 2 ஜிபியே எனில், அதன் எளிய எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைக் கொள்ளலாம்.

அடுத்து நிறுவும் முறை. வழங்கலின் கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குக. அதனைப் பென் டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் பயனில்லை. அதற்கென உள்ள செயலியால் எழுத வேண்டும். அப்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அழியும். பின்னர், கணினியைப் பென் டிரைவிலிருந்து தொடக்குக. உடனே நிறுவாது, இயக்கி மட்டும் பார்க்கலாம். இது பிளாட்பாரம் டிக்கெட் போன்றது. வண்டியைப் பார்க்கலாம், பயணம் செய்தாக வேண்டியதில்லை. ஒலி, வைஃபை, அச்சுப்பொறி ஆகியவை இயங்குகின்றனவா என்று அப்போதே சோதித்துக்கொள்க.

இங்கே நம் பிழையொன்றை மறைக்காமல் சொல்லுகின்றோம். முதன்முறை நம் வீட்டில் நிறுவியபோது, 'வட்டை அழித்து நிறுவுக' என்ற விடையை அவசரத்தில் அழுத்திவிட்டோம். அதில், காலஞ்சென்ற நம் தந்தையார், பிழைப்புக்காகப் பாகாலாவுக்கு வந்த கதையைத் தம் குரலில் சொன்ன பதிவு இருந்தது. வேறெங்கும் அதன் நகல் இல்லை. அக்குரல் போயிற்று. நிரலின் குற்றமன்று, நம் குற்றம். ஆகையால், முதலில் நகல், பிறகே நிறுவல். அந்நகலையும் வேறொரு கணினியில் திறந்து பார்த்த பின்னரே அடுத்த பொத்தானை அழுத்துக.

நிறுவியபின் தமிழ் யூனிகோடு எழுத்துருவையும் தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட நம் சங்கக் கடிதங்கள் அப்படியே திறந்தால் குழம்பித் தோன்றும். அவற்றை யூனிகோடாக மாற்றி வைத்தல் வேண்டும்.

1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. பள்ளியில் தெலுங்கு பயிலும் நம் பிள்ளைகள் அம்மொழியிலும் சிறக்கட்டும். மாலையில் அரைமணி நேரம், தாம் கைவிடவிருந்த கணினியில், தம் பாட்டியின் கதையைத் தமிழில் தட்டச்சிடட்டும். நம் வீட்டில் அழிந்த குரல் உங்கள் வீட்டில் அழியாதிருக்க அதுவே வழி.

சங்கக் கணினியில் வரும் ஞாயிறன்று நிறுவிக் காட்டுவோம். பென் டிரைவோடு வருக. வாழ்க தமிழ்!