ஸ்திரீதனமும் ஓர் உயிலும்

(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

கல்யாணமான பெண்களின் உரிமை, அன்றும் இன்றும் என்று பேசச் சொன்னார்கள். நான் வக்கீல் அல்ல. ரசாயனம் படித்துவிட்டு அரசாங்கத்தில் ஃபைல் புரட்டியவன்.

மனு ஸ்மிருதியே ஆறு வகை ஸ்திரீதனத்தைச் சொல்கிறது. ஆனால் நம் அகங்களில் நாட்டுப்பெண்ணின் நகை மாமியார் பீரோவில்தான் இருந்தது. புக்ககத்தார் கையில் இருந்தாலும் அது அவள் சொத்தே என்று 1985-ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது.

என் அத்தை சிறு வயதில் கணவரை இழந்தவர். 1937-ம் வருஷச் சட்டப்படி அவருக்குப் புருஷன் வீட்டில் பங்கு உண்டு. ஆயுள்வரை அனுபவிக்கலாம், இஷ்டப்படி விற்க முடியாது. 1956 வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு அந்தப் பங்கை அவருடைய முழுச் சொத்தாக்கியது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. "எனக்கு ஏதுடா ஆம்? ஏதோ இருக்க இடம் குடுத்திருக்கா" என்பார் கடைசிவரை. உத்தியோகத்தில் இருந்த நானும் விசாரிக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இப்போதுதான் பெண்கள் சம்பாதிக்கிறார்களே, 2005 திருத்தத்தில் பிறந்தகத்துக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் சம பங்கு வந்துவிட்டதே என்பீர்கள். அதே 1956 சட்டத்தின் 15-வது பிரிவைப் படியுங்கள். கணவரும் குழந்தைகளும் இல்லாத பெண் உயில் எழுதாமல் காலமானால், அவள் சுயமாகச் சம்பாதித்தது அவளைப் பெற்றவர்களுக்குப் போகாது. முதலில் கணவரின் வாரிசுகளுக்கே. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புக்ககத்திலிருந்து துரத்தப்பட்டு, பிறந்தகத்தார் படிக்க வைத்து வேலைக்குப் போன ஒரு பெண்மணியின் சேமிப்பு, கணவரின் சகோதரி பிள்ளைகளுக்குத்தான் என்று 2009-ல் தீர்ப்பாயிற்று. சட்டம் அப்படி, கருணைக்கு அதில் இடமில்லை என்றது கோர்ட்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. என் ஆத்துக்காரி முப்பது வருஷம் பாங்க்கில் உழைத்து, தன் பணத்தில் ஃபிளாட் வாங்கினாள். எனக்குப் பிறகு அவளும் போனால், அது என் தம்பி பிள்ளைகளுக்கு. அவளை ஆபரேஷன் சமயத்தில் பார்த்துக்கொண்ட தங்கைக்கு ஒன்றுமில்லை. இதைச் சொன்னதும், "ஏன்னா, இத்தனை நாளா இது நேக்குத் தெரியாதே!" என்றாள்.

வெள்ளைக் காகிதம் போதும், ஸ்டாம்ப் வேண்டாம், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமில்லை, ஆனால் செய்தோம். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வராந்தாவில் அவள் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.