சங்கிலி கழன்றால் படிப்பு நிற்கலாமா?

(கல்விக் கழக வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றியும் ஒற்றுமையின் தேவையைப் பற்றியும் நம்மினும் சிறந்தோர் இம்மேடையில் பேசிவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மிதிவண்டியின் சங்கிலியும் கியரும் பழுதுபட்டால் அவற்றை வீட்டிலேயே, குறைந்த செலவில், நாமே சரிசெய்வது எங்ஙனம் என்பதே அது. சிலர் முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறோம். வெள்ளி விழா மேடையில் சங்கிலிக்கும் எண்ணெய்க்கும் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் பணியாற்றும் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒன்பது நாள் தொடர்ந்து வரவில்லை. உடல்நலக் குறைவோ, திருமணப் பேச்சோ என்று அஞ்சி அவள் வீட்டிற்குச் சென்றோம். சுவரோரம் மிதிவண்டி சாய்ந்து நின்றது. சங்கிலி ஒரு காகிதப் பையில் சுருண்டு கிடந்தது. பழுது பார்க்கும் கடை ஆறு கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே வண்டியைத் தள்ளிச் சென்றால் தந்தைக்கோ தாய்க்கோ ஒரு நாள் கூலி போய்விடும். "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம், சார்" என்றார் அந்தத் தாய். சங்கிலியை எடுத்துப் பார்த்தோம். அது அறுந்திருக்கவில்லை. இரு முனைகளையும் பிணைக்கும் 'செயின் லாக்' என்னும் சிறு பூட்டுத்தகடு மட்டுமே விழுந்துபோயிருந்தது. சில ரூபாய்ப் பொருள். கால் மணி நேர வேலை. அதற்காக ஒன்பது நாள் பாடம் போயிற்று. இன்னும் ஒரு மாதம் கழிந்திருந்தால் படிப்பே போயிருக்கக்கூடும். இதனால்தான் இப்பொருளை இம்மேடைக்குக் கொண்டுவந்தோம்.

சாலை என்பது நமக்கு எளிதில் கிடைத்ததன்று. பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எவரும் நடக்கலாம் என்னும் அரசு ஆணை பிறப்பதற்கே, சென்னை மாகாணச் சட்டசபையில் 1924ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆணை பிறந்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும், நாம் பத்தாம் வகுப்பு படித்த 1984ஆம் ஆண்டில், நம் தந்தையார் ஊர்த்தெரு முனையில் மிதிவண்டியை விட்டு இறங்கித் தெருவைக் கடக்கும் வரை தள்ளிக்கொண்டே போனார். நாமும் அவ்வாறே செய்தோம். அவ்வாண்டு அரசுத் தேர்வின் முதல் நாளன்று அதே தெரு முனையில் சங்கிலி கழன்றது. அதை மாட்டத் தெரியாது. உதவி கேட்கவும் ஆளில்லை. தள்ளிக்கொண்டே ஓடித் தேர்வு மணி அடித்த பிறகு கூடத்திற்குள் நுழைந்தோம். நடுங்கும் கையால் எழுதிய அந்த முதல் பக்கம் இன்றும் நினைவில் நிற்கிறது. அன்று மாலை, நகரத்து வாடகை சைக்கிள் கடையில் வேலை பார்த்த நம் தாய்மாமன் வந்து, "மாப்பிள்ளை, அழாதே, இங்கே உட்கார்" என்று சொல்லி ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்தவற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

மிதிவண்டி பெண்களுக்கு எத்தகைய விடுதலையைத் தந்தது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் காட்டியது. 1991ஆம் ஆண்டில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது எழுத்தோடு மிதிவண்டியையும் பல்லாயிரம் பெண்கள் கற்றனர். பின்னர் 2001ஆம் ஆண்டளவில் மேல்நிலை வகுப்பு படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு அரசு விலையின்றி மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்பு அத்திட்டம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஏறத்தாழ நம் கழகத்தின் வயதே அத்திட்டத்தின் வயதும். வண்டியை அரசு தந்தது. அதனை ஓடவைப்பது நம் கையில் இருக்கிறது.

இனிப் பொருளுக்கு வருவோம். சாதாரண மிதிவண்டியின் முன் பல்சக்கரத்தில் 44 பற்களும், பின்னால் ப்ரீவீலில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதியை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். வண்டி ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் நகரும். ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் பிள்ளை சுமார் 1,100 முறை மிதிக்கிறாள். திரும்பி வர மீண்டும் அத்தனை முறை. அத்தனை முறையும் அவள் காலின் வலிமையைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்வது சங்கிலி ஒன்றே. அதனைக் கவனியாது விட்டால் வண்டி கனக்கும், பிள்ளை களைத்துப்போவாள்.

முதலாவது, தூய்மை. சங்கிலியைத் தேய்ப்பது ஓட்டம் மட்டுமன்று. எண்ணெயோடு கலந்த மண் அரத்தைப் போல் அதனை அராவுகிறது. பழைய பல்துலக்கியை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ நனைத்துத் தேய்த்து, கந்தல் துணியால் துடைத்து, நன்கு உலரவிட வேண்டும். அடுப்பருகில் இதனைச் செய்யலாகாது. உலர்ந்தபின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிதியைப் பின்னோக்கிச் சுற்றி, மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் கண்ணியின் உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருப்பது மண்ணையே சேர்க்கும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டா. அவை நாளடைவில் பிசினாகிவிடும். வண்டியிலிருந்து கழித்த பழைய எஞ்சின் எண்ணெயும் வேண்டா. அதில் நுண்ணிய இரும்புத்தூள் இருக்கும். தையல் எந்திர எண்ணெயோ புதிய எஞ்சின் எண்ணெயோ சிறு புட்டி வாங்கினால் பல மாதம் வரும். மழையில் நனைந்து வந்த அன்று மாலையே துடைத்து எண்ணெய் இடுவது நன்று.

இரண்டாவது, தொய்வு. சங்கிலி அடிக்கடி கழல்வதற்குப் பெரும்பாலும் தொய்வே காரணம். இரு பல்சக்கரங்களுக்கும் நடுவில் சங்கிலியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறத்தாழ அரை அங்குலம் அசைய வேண்டும். ஓர் அங்குலம் அசைந்தால் தொய்வு மிகுதி. அசையாவிட்டால் இறுக்கம் மிகுதி. பின்சக்கர அச்சின் இருபுற நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுப்பதற்கென்று இருபுறமும் சிறு திருகு இருந்தால் இரண்டையும் சமமாகத் திருக வேண்டும். சக்கரம் இரு கம்பிகளுக்கும் நட்டநடுவே நிற்கிறதா என்று பார்த்த பின்னரே நட்டுகளை இறுக்க வேண்டும். சக்கரம் நகர்ந்தால் பிரேக் கட்டையின் இடமும் மாறும். ஆகவே பிரேக் பிடிக்கிறதா என்று பாராமல் வண்டியில் ஏறலாகாது.

வழியில் கழன்றுவிட்டால், முதலில் பின்னால் ப்ரீவீலின் பற்களில் சங்கிலியை அமர்த்துங்கள். பிறகு முன் பல்சக்கரத்தின் அடிப்பற்களில் அதனைக் கோத்து, மிதியைப் பின்னோக்கி மெல்லச் சுற்றுங்கள். சங்கிலி தானாக ஏறிக்கொள்ளும். விரலைப் பல்லுக்கும் சங்கிலிக்கும் இடையில் கொடுக்காமல் ஒரு குச்சியைப் பயன்படுத்துங்கள். மாணவியர் தாவணியையும் துப்பட்டாவையும் முன்னதாகவே செருகிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, பூட்டுத்தகடு. இதன் ஒரு முனை மூடியும் மறுமுனை பிளந்தும் இருக்கும். சங்கிலி ஓடும் திசையில் மூடிய முனை முன்னால் செல்லுமாறு மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் எதிலேனும் உரசிக் கழன்றுவிடும். அம்மாணவியின் வண்டியில் நேர்ந்தது இதுவாகவே இருக்கலாம். இருக்கைக்கு அடியில் ஒரு துணியில் உபரியாக ஒரு பூட்டுத்தகட்டை முடிந்து வையுங்கள்.

நான்காவது, தேய்மானம். சங்கிலியின் ஆணிக்கு ஆணி இடைவெளி சரியாக அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். தையல் நாடாவைப் பிடித்து அளந்தால் 12 அங்குலமும் அதற்குமேல் அரைக்கால் அங்குலமும் காட்டுமாயின் அச்சங்கிலி தன் காலத்தை முடித்துவிட்டது. கியர் வண்டிக்கு அதில் பாதி நீண்டாலே மாற்றிவிடுவது நன்று. தேய்ந்த சங்கிலியை விட்டுவைத்தால் அது பற்களையும் தேய்த்து, ஒரு செலவை மூன்று செலவாக்கும். புதுச் சங்கிலி மாட்டியும் மிதிக்கும்போது பல் தாண்டினால் ப்ரீவீலும் தேய்ந்துவிட்டதென்று அறிக.

ஐந்தாவது, ஓசை. மிதி ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் ஒரு முறை 'டக்' என்று கேட்டால், மிதியிலோ கிராங்கிலோ குறை. பழைய வகை வண்டியாயின் காட்டர் பின் தளர்ந்திருக்கும். பின்னைச் சுத்தியலால் தட்டி உள்ளே அமர்த்திய பிறகே அதன் நட்டை இறுக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறை சங்கிலி துள்ளினால், ஒரு கண்ணி மட்டும் துருவேறி மடங்காமல் நிற்கிறது என்பது பொருள். எண்ணெய் விட்டுப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் இளகும். மிதி சுற்றியும் சக்கரம் சுற்றாவிட்டால் ப்ரீவீலின் உள்ளே அழுக்குச் சேர்ந்திருக்கும். வண்டியைச் சாய்த்து அதன் இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றி, அழுக்கு வடிந்தபின் மெல்லிய எண்ணெய் விடுக. பெரும்பாலும் சரியாகிவிடும். ப்ரீவீலைப் பிரிக்க மட்டும் முயலாதீர்கள். உள்ளிருக்கும் சிறு குண்டுகள் சிதறினால் திரும்பச் சேர்ப்பது கடினம்.

கியர் வண்டி வாங்கும் இளைஞர்கள் இன்று மிகுந்துள்ளனர். கியர் மாறாவிட்டால் பெரும்பாலும் கம்பி நீண்டதே காரணம். பின்புறக் கியர் மாற்றிக்குள் கம்பி நுழையுமிடத்தில் கையால் திருகும் குமிழ் ஒன்று இருக்கும். சங்கிலி பெரிய பல்சக்கரத்திற்கு ஏறத் தயங்கினால், பின்னால் நின்று பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருகுங்கள். சிறிய பல்சக்கரத்திற்கு இறங்கத் தயங்கினால் முள்ளின் திசையில் கால் சுற்று. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பிறகு சோதித்துப் பாருங்கள். அருகிலுள்ள இரு சிறு திருகுகள் எல்லைக் காவலர் போன்றவை. சங்கிலி ஆரக்கம்பிகளின் பக்கம் விழுந்தால் 'எல்' என்று குறித்த திருகையும், வெளிப்புறம் விழுந்தால் 'எச்' என்று குறித்த திருகையும் சற்றே உள்ளே முடுக்க வேண்டும். வண்டி வலப்பக்கம் விழுந்து கியர் மாற்றியைத் தாங்கும் தகடு வளைந்திருந்தால் எத்திருகாலும் பயனில்லை. அப்போது கடைக்குத்தான் செல்ல வேண்டும். கியர் வண்டியை வலப்பக்கமாகச் சாய்த்துப் போடாதிருப்பதே செலவில்லாத வைத்தியம்.

பெற்றோர் சிலர், "எங்கள் கை கறுத்தது போதும், எங்கள் பிள்ளையின் கையும் கறுக்க வேண்டுமா?" என்று கேட்பதுண்டு. அக்கேள்வியின் வலியை நாம் அறிவோம். பிறப்பைக் காட்டி ஒருவன் தலையில் சுமத்திய வேலை வேறு. தன் பொருளைத் தானே அறிந்து தன் தேவைக்குச் செய்துகொள்ளும் வேலை வேறு. முன்னது இழிவு, அதனை மறுக்கத்தான் படிக்கிறோம். பின்னது அறிவு. சங்கிலி கழன்ற இடத்தில் யாருடைய தயவுக்காகவும் காத்து நில்லாமல், தானே மாட்டிக்கொண்டு ஏறிச் செல்லும் பெண்ணின் கையில் படிந்த கறை சோப்பு போட்டால் போய்விடும். நாம் 1984இல் அத்தெருமுனையில் கையறு நிலையில் நின்றோமே, அந்த நினைவு எந்தச் சோப்பிற்கும் போகவில்லை.

இறுதியாகக் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி விழாவின் நினைவாக ஒவ்வொரு குடியிருப்பிலும் கழகத்தின் மாலைப் பாடம் நடக்கும் இடத்தில் ஒரு கருவிப்பெட்டி வைப்போம். இரண்டு ஸ்பேனர், ஒரு திருப்புளி, ஒரு குறடு, ஒரு சுத்தியல், ஒரு காற்றுப் பம்பு, ஓர் எண்ணெய்ப் புட்டி, சில பூட்டுத்தகடுகள், கந்தல் துணி ஆகியவை போதும். திறவுகோல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் இருக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாம் வருகிறோம். மாமன் நமக்குக் கற்றுக்கொடுத்ததை நாம் கற்றுக்கொடுக்கிறோம். கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கட்டும்.

அம்மாணவி மறுநாளே பள்ளிக்கு வந்தாள். தவறிய ஒன்பது நாள் பாடத்தைத் தோழியின் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள். இனி நம் பிள்ளைகளில் எவரும் சங்கிலிக்காக ஒரு நாள் பாடத்தையும் இழக்கலாகாது என்று கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.