வாயிற்படியும் தகுதியும்



ஆசிரியப் பயிற்சிக்கு நம்மவர் விண்ணப்பிக்கும்போதெல்லாம், "மதிப்பெண் சலுகையால் தரம் தாழாதா?" என்னும் வினா எழுகின்றது. வகுப்பறையில் நின்று பழகிய நாம் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கைக்குப் பட்டப் படிப்பில் பொதுப் பிரிவினர் 50, பிற்படுத்தப்பட்டோர் 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 43, ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் 40 விழுக்காடு பெற்றிருத்தல் வேண்டும். இஃது உள்ளே நுழைவதற்கான அளவேயாம். நுழைந்தபின் பாடமும், கற்பித்தல் பயிற்சியும், இறுதித் தேர்வும் அனைவர்க்கும் ஒன்றே. நம் இராஜகிரிக் கோட்டையின் உச்சிக்குச் செல்வோர் பாறைப் பிளவின்மேல் இட்ட பாலத்தைக் கடந்தே ஏறுகின்றனர். பாலம் இட்டதனால் மலையின் உயரம் குறைந்துவிடவில்லை.

தேர்வு என்பதும் மாறாத அளவுகோலன்று. 2012 ஜூலையில் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியோர் 2,448 பேர். அக்டோபர் மறுதேர்வில் ஒன்றரை மணி நேரம் மூன்று மணி ஆயிற்று; தேறியோர் பல மடங்காயினர். மூன்று திங்களில் அறிவு அத்துணை வளர்ந்ததென எவர் கூறுவர்? 2014-இல் இட ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்குத் தேர்ச்சி அளவு 60 விழுக்காட்டிலிருந்து 55 ஆக்கப்பட்டது. அவ்வாண்டே உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதனை நீக்கியது. 2016 நவம்பரில் உச்சநீதிமன்றம் அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

மதிப்பெண்ணால் அளக்கவியலாத தகுதியும் ஆசிரியர்க்கு உண்டு. நடவுக் காலத்தில் ஒரு மாணவி ஏன் வரவில்லை என்பதை வருகைப் பதிவேடு கூறாது. தாய் கழனிக்குச் செல்ல, தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டில் நிற்கிறாள் என்பதை அத்தெருவில் வளர்ந்த ஆசிரியர் அறிவார்; சென்று அழைத்தும் வருவார். நம்மவர் ஒருவர் கரும்பலகைமுன் நிற்கக் காணும் பிள்ளைக்கு அவ்விடம் தனக்கும் உரியதென்பது சொல்லாமலே விளங்கும். பிற தெருப் பிள்ளைகளும் அவரிடம் கற்று, அவரை மதித்து வளர்வர், அதுவும் கல்வியே.

இளைஞர்களே! 40 என்பது வாயிற்படி. அதனை இலக்கெனக் கொள்ளாதீர். சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள்: தகுதித் தேர்வுக்கென மாலை வகுப்புத் தொடங்குங்கள். எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருள் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவரும் அத்தேர்வில் தேற வேண்டுமென 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே பணியிலுள்ள நம்மவர் பலரும் உங்களோடு ஒரே பலகையில் அமர்ந்து படிக்க வேண்டியுள்ளது. சேர்ந்தே படிப்போம், சேர்ந்தே தேறுவோம்.