கருநிற மருதாணி



சென்ற ஆண்டு எங்களூர்த் திருவிழாக் கடையொன்றில் என் பேத்தி தன் கையில் கருநிறக் கோலம் இட்டுக்கொண்டாள். அரைமணி நேரத்தில் அது மைபோல் பற்றிற்று, அவளும் மகிழ்ந்தாள். பத்தாம் நாள், அக்கோலத்தின் கோடுகள் வழியே தோல் சிவந்து தடித்துக் கொப்புளங்கள் எழுந்தன. "மருதாணி குளிர்ச்சிதானே, தாத்தா?" என்று கேட்டு அழுதாள்.

பிழை மருதாணியினுடையதன்று. அதன் இலையிலுள்ள லாசோன் என்னும் சாயம் தோலுக்குச் செம்மையையே ஊட்டும். அதற்கும் சில மணி நேரம் வேண்டும். விரைவில் கருக்கச் செய்வது, தலைமயிர்ச் சாயங்களில் சேர்க்கப்படும் பாரா-பினைலின்டையமின் என்னும் இரசாயனப் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, தலையில் இடும் சாயத்திலேயே அது 2 சதவீதத்தைத் தாண்டலாகாது. தோலில் தீட்டவோ அனுமதியே இல்லை.

புண் ஆறிவிடும், ஆனால் உடல் மறப்பதில்லை. ஒருமுறை ஒவ்வாமை கொண்ட உடல், அப்பொருளைப் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் பகையாகவே கருதும். பல ஆண்டுகள் கழித்து மயிர்ச்சாயம் இட்டாலும் முகமும் கண்ணிமைகளும் வீங்கக்கூடும். சில ஆடைச் சாயங்களும் ஒவ்வாமற் போகலாம்.

ஆகவே, மருதாணி என்று கூறி ஒருவர் கருஞ்சாயத்தை நீட்டினால், கையை மடக்கிக்கொள்ளுங்கள். இலையைப் பறித்து அரைத்து இட்டு, ஓர் இரவு பொறுத்திருங்கள். முன்னரே கருஞ்சாயம் இட்டு அரிப்புக் கண்டவர்கள் தோல் மருத்துவரை நாடி, நடந்ததை மறைக்காமற் கூறுங்கள்.

என் பேத்தியின் கையில் அக்கோலம் இன்றும் வெளிறிய தழும்பாய் நிற்கிறது. நீங்கள் அதனைக் கேட்டறிந்தாற் போதும், பட்டறிய வேண்டா.